பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரான்

படிவம் நான்கு வேதியியலில் முதல் இருபது தனிமங்களின் எலக்ட்ரான் அமைப்பை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். சோடியம் 2.8.1. குளோரின் 2.8.7. ஆர்கன் 2.8.8. அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. அடுத்து வருவது பொட்டாசியம். அதற்கு 19 எலக்ட்ரான்கள். அதன் அமைப்பு 2.8.8.1 என்று எழுத வேண்டும்.

கவனித்துப் படிக்கும் பிள்ளைக்கு இந்த இடத்தில்தான் ஒரு சந்தேகம் வரும். முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18 எலக்ட்ரான்கள் வரை இருக்கலாம். மூன்றாவதில் எட்டுதான் இருக்கின்றன. இன்னும் பத்து இடம் காலி. அப்படியிருக்க, பத்தொன்பதாவது எலக்ட்ரான் ஏன் நான்காவது கூட்டுக்குப் போகிறது? ஏன் 2.8.9 என்று வரவில்லை?

"எட்டு இருந்தால் நிலைத்தன்மை" என்பது வழக்கமான பதில். யோசித்துப் பார்த்தால் அது பதிலே அல்ல. "ஏன் எட்டோடு நிற்கிறது?" என்று கேட்டால் "எட்டோடு நிற்கும்" என்று திருப்பிச் சொல்வதுதான் அது.

சுபாங் ஜெயாவில், எஸ்.எஸ்.15 வட்டாரத்தில், மாலை வேளைகளில் வேதியியல் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறேன். எஸ்பிஎம் மாணவர்களும் வருவார்கள். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், ஏ-லெவல் படிப்பவர்களும் வருவார்கள். ஆண்டுக்கு ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. கேட்பவர் பெரும்பாலும் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையாக இருக்கமாட்டார். மனனம் செய்ய மனம் ஒப்பாத பிள்ளையாக இருப்பார்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு மாணவி வந்தாள். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். "சார், மூனாவது கூட்டுல இன்னும் பத்து இடம் காலியா இருக்குதானே? அப்புறம் ஏன் ஒரு ஆளு மட்டும் நாலாவதுக்குப் போறாரு?" என்று கேட்டாள். பள்ளியில் கேட்டபோது, பாடத்திட்டத்தில் அது இல்லை, அப்படியே எழுது என்றார்களாம். நாற்பது பிள்ளைகளையும் தேர்வு அட்டவணையையும் சமாளிக்கும் ஆசிரியரைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆனால் வேதியியல் தனக்குப் புரியாத பாடம் என்று அந்தப் பெண் முடிவு கட்டிவிட்டாள். வணிகப் பிரிவுக்கு மாற்றிவிடலாமா என்று அவள் அம்மா என்னிடம் கேட்க வந்திருந்தார்.

"மாத்துறதா இருந்தா மாத்துங்கம்மா. ஆனா அவ கேட்ட கேள்விக்குப் பதில் கேட்டுட்டுப் போங்க" என்றேன். அன்று அவர்கள் இருவருக்கும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தனி ஆள் வாழும் வீடு

ஹைட்ரஜனில் ஓர் எலக்ட்ரான்தான். அணுக்கரு இழுக்கிறது, எலக்ட்ரான் பிடிபட்டிருக்கிறது. இடையில் புக வேறு யாரும் இல்லை. இந்தப் பிடிப்பு எவ்வளவு வலுவானது என்பதை 'எலக்ட்ரான்-வோல்ட்' என்ற அளவில் சொல்வார்கள். அணு உலகில் புழங்கும் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானை அணுவிலிருந்து முழுதாக விடுவிக்க எத்தனை காசு கொடுக்க வேண்டும் என்பதே கணக்கு.

ஹைட்ரஜனின் முதல் கூட்டில் அந்த விலை 13.6. இரண்டாவது கூட்டில் 13.6-ஐ நான்கால் வகுக்க வேண்டும்: 3.4. மூன்றாவதில் ஒன்பதால்: 1.51. நான்காவதில் பதினாறால்: 0.85. கூட்டின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதைக்கொண்டு வகுத்தால் போதும். டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் போர் 1913-இல் தம் அணு மாதிரியிலிருந்து இந்தக் கணக்கை வருவித்தார். மூன்றாவது கூட்டிலிருந்து இரண்டாவதுக்கு எலக்ட்ரான் இறங்கும்போது 1.89 காசு மிச்சமாகிறது. அந்த மிச்சம்தான் ஹைட்ரஜனின் புகழ்பெற்ற சிவப்பு ஒளி.

ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் 'ஆர்பிட்டல்' எனப்படும் அறைகள் இருக்கின்றன. எலக்ட்ரான் ஒரு புள்ளிபோல் சுற்றிவருவதில்லை, மேகம்போல் பரவியிருக்கிறது. அந்த மேகத்தின் வடிவமே ஆர்பிட்டல். எஸ் வகை உருண்டையானது. பி வகைக்கு இரண்டு மடல்கள். டி வகை பெரும்பாலும் நான்கு மடல்கள் கொண்டது. மூன்றாவது கூட்டில் 3எஸ் ஒன்று, 3பி மூன்று, 3டி ஐந்து. அறைக்கு இருவர் என்றால் 2, 6, 10, மொத்தம் 18.

ஹைட்ரஜனில் 3எஸ், 3பி, 3டி மூன்றுக்கும் விலை ஒன்றே: 1.51. மிக நுண்ணிய கருவிகளால் அளந்தால் சிறு வேறுபாடுகள் தெரியும். நம் கணக்குக்கு அவை தேவையில்லை. ஆக, ஓர் எலக்ட்ரான் மட்டும் இருக்கும் அணுவில் மாடி எண்தான் விலையைத் தீர்மானிக்கிறது. எந்த அறை என்பது பொருட்டல்ல. ஹீலியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்துவிட்டால் எஞ்சும் அயனியும் இதே கணக்குக்குக் கட்டுப்படும். அணுக்கருவின் மின்னூட்டம் இரட்டிப்பானதால் விலை நான்கு மடங்கு: 54.4.

இந்தக் கணக்கின்படி 3டி-யின் பிடிப்பு 1.51, 4எஸ்-இன் பிடிப்பு 0.85. எனவே மூன்றாவது கூடே வலுவானது. ஹைட்ரஜனை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த மாணவியின் 2.8.9 சரிதான்!

இரண்டாமவர் வந்ததும்

ஹீலியத்துக்கு இரண்டு எலக்ட்ரான்கள். இந்தத் தனிமத்தின் கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் பாதை தென்னிந்தியா வழியாகச் சென்று, சயாமின் தென்பகுதியையும் கடந்தது. அதைக் காண பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் குண்டூருக்கு வந்திருந்தார். மதராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டணத்துக்குப் போயிருந்தார். அந்த ஆண்டு சூரியனின் விளிம்பில் காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டோடு ஒத்துப்போகவில்லை. அதற்கு உரிய தனிமம் பின்னர் ஹீலியம் என்று பெயர் பெற்றது. பூமியில் அது 1895-இல்தான் வில்லியம் ராம்சேயின் கையில் சிக்கியது.

ஹீலியத்தின் இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்தால் ஒவ்வொன்றின் விலையும் 54.4 ஆக இருக்க வேண்டும். ஆனால் முதல் எலக்ட்ரானை விடுவிக்க 24.6 காசு போதும். மீதி 29.8 எங்கே போனது? இரண்டும் எதிர் மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்தத் தள்ளுமுள்ளுதான் பிடிப்பைத் தளர்த்தியது.

போரின் மாதிரி ஹைட்ரஜனில் வென்றது, ஹீலியத்தில் தோற்றது. இன்றுவரை ஹீலியத்துக்கு ஹைட்ரஜனைப்போல் ஒரு வரியில் எழுதிவிடக்கூடிய சூத்திரம் கிடையாது. நார்வேயின் ஹில்லராஸ் 1929-இல், எலக்ட்ரான்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்த்து, சோதனை முடிவுக்கு மிக அருகில் வந்தார். தோராயத்தைத் திருத்திக்கொண்டே போகலாம். அது எவ்வளவு துல்லியமாகவும் ஆகலாம். ஆனால் 13.6 வகுத்தல் ஒன்பது என்பது போன்ற எளிமை இரண்டாவது எலக்ட்ரான் வந்த அன்றே போய்விட்டது.

தைப்பூசக் கூட்டம்

எலக்ட்ரான்கள் கூடக் கூட என்ன நடக்கிறது? தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சந்நிதிக்கும் நமக்கும் நடுவே கூட்டம். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவர்களின் தலைதான் தெரியும். அணுவிலும் அப்படித்தான். அணுக்கருவின் இழுப்பை உள்கூட்டு எலக்ட்ரான்கள் மறைத்துவிடுகின்றன. வெளியே இருக்கும் எலக்ட்ரானுக்கு முழு இழுப்பும் போய்ச் சேர்வதில்லை. இதை 'மறைப்பு விளைவு' என்கிறோம்.

ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி மறைக்கப்படுவதில்லை. எஸ் ஆர்பிட்டலின் மேகத்தில் ஒரு சிறு பகுதி அணுக்கருவுக்கு மிக அருகிலேயே இருக்கிறது. கூட்டத்தின் பின்னால் நின்றாலும் அவ்வப்போது புகுந்து சந்நிதி வரை போய்த் தரிசனம் செய்துவிட்டு வருபவர்போல. பி வகை அவ்வளவு உள்ளே போகாது. டி வகை வெளிப்பிரகாரத்தோடு சரி. உள்ளே புக முடிந்தவர் முழு இழுப்பையும் அனுபவிக்கிறார். அதனால் அவருடைய பிடிப்பு வலுக்கிறது.

இது வெறும் உவமை அல்ல என்பதற்குச் சோடியமே சாட்சி. அதன் உள்கூடுகளில் 10 எலக்ட்ரான்கள், வெளியே ஒன்று. அந்த ஒன்றை 3எஸ்-இல் வைத்தால் பிடிப்பு 5.14. 3பி-க்குத் தூக்கி வைத்தால் 3.04. 3டி-யில் வைத்தால் 1.52. ஹைட்ரஜனில் மூன்றுக்கும் 1.51 என்று பார்த்தோம் அல்லவா? சோடியத்தின் 3டி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. அந்த எலக்ட்ரானைப் பொறுத்தவரை, அணுக்கருவின் 11 நேர்மின்னூட்டங்களில் பத்தைக் கூட்டம் மறைத்துவிட்டது, ஒன்றுதான் தெரிகிறது. 3எஸ்-க்கோ அதைவிட மிக அதிகமாகத் தெரிகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தால் கேஸ் அடுப்பின் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். அதிலுள்ள உப்பின் சோடியம்தான் காரணம். 3பி-க்கு ஏறிய எலக்ட்ரான் 3எஸ்-க்கு இறங்குகிறது. 5.14-இலிருந்து 3.04-ஐக் கழித்தால் 2.10. அந்த ஆற்றலுக்குரிய ஒளி மஞ்சள். அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர். எல்.இ.டி. வருவதற்கு முன் நம் சாலைகளை மஞ்சளாக்கிய சோடிய விளக்குகளின் நிறமும் இங்கிருந்து வந்ததுதான். ஹைட்ரஜனைப்போல் 3எஸ்-க்கும் 3பி-க்கும் ஒரே விலை என்றிருந்தால் இந்த மஞ்சளே இருந்திருக்காது.

பத்தொன்பதாவது ஆள்

இனி பொட்டாசியம். 18 எலக்ட்ரான்கள் உள்ளே அமர்ந்துவிட்டன. பத்தொன்பதாவதுக்கு இரண்டு வழிகள்: காலியாக இருக்கும் 3டி, அல்லது நான்காவது கூட்டின் 4எஸ்.

ஹைட்ரஜனில் 3டி 1.51, 4எஸ் 0.85. பொட்டாசியத்தில் 3டி 1.67, 4எஸ் 4.34. உள்ளே புக முடியாத 3டி இருந்த இடத்திலேயே ஏறக்குறைய நிற்கிறது. உள்ளே புகத் தெரிந்த 4எஸ் அதைத் தாண்டி வெகுதூரம் வலுவடைந்துவிட்டது. எலக்ட்ரான் எங்கே பிடிப்பு அதிகமோ அங்கே போய் அமர்கிறது. அதனால்தான் 2.8.8.1.

அந்த மாணவி எண்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ 4எஸ் எப்பவுமே 3டி-யைவிடக் கீழதானா சார்?" என்றாள்.

நூல்களில் வரும் சாய்வு அம்புப் படத்தை மனனம் செய்தவர்கள் 'ஆம்' என்பார்கள். 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி என்ற அந்த வரிசை, அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எப்படி நிரம்புகின்றன என்பதை நினைவில் வைக்க உதவும் வாய்பாடு. எல்லா அணுவுக்கும் பொருந்தும் விலைப்பட்டியல் அன்று.

19 எலக்ட்ரான்களே கொண்ட மூன்றை வரிசையாகப் பாருங்கள். முதலாவது பொட்டாசியம், அணுக்கருவில் 19 நேர்மின்னூட்டம். 4எஸ் கீழே; 3டி அதற்கு 2.67 மேலே. இரண்டாவது, ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம் அயனி, அணுக்கருவில் 20. 4எஸ்தான் கீழே, ஆனால் இடைவெளி ஏறக்குறைய 1.7-ஆகக் குறைந்துவிட்டது. மூன்றாவது, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஸ்கேண்டியம் அயனி, அணுக்கருவில் 21. இப்போது 3டி கீழே போய்விட்டது. 4எஸ் அதற்கு மூன்று காசுக்கும் மேலே நிற்கிறது. எலக்ட்ரான் எண்ணிக்கை மாறவில்லை. அணுக்கருவின் இழுப்பு இரண்டே படி ஏறியதும் வரிசை தலைகீழானது. இழுப்பு கூடக் கூட, கூட்டின் மறைப்பை மீறி, மாடி எண்ணே முக்கியமாகும் ஹைட்ரஜன் நிலைக்கு அணு நெருங்குகிறது.

"4எஸ் முதலில் நிரம்புகிறது, பிறகு ஏன் அதுவே முதலில் காலியாகிறது?" என்று படிவம் ஆறு மாணவர்கள் குழம்புவதற்கும் விடை இதிலேதான் இருக்கிறது. இரும்பு அயனியாகும்போது முதலில் 4எஸ் எலக்ட்ரான்கள் இரண்டையும் இழக்கிறது. 3டி-யின் ஆறும் அப்படியே நிற்கின்றன. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைப் பற்றக் காத்திருப்பது அந்த நிலையில் உள்ள இரும்புதான். நிரம்பும் வரிசை என்பது அணுக்கருவில் ஒவ்வொரு புரோட்டானாகக் கூட்டிக்கொண்டே போகும் கதை. காலியாகும் வரிசையில் அணுக்கரு மாறுவதில்லை. எலக்ட்ரான் மட்டும் குறைகிறது. இரண்டும் வேறு வேறு கதைகள். ஒன்றைத் திருப்பிப் படித்தால் மற்றது வந்துவிடாது.

சூரிய ஒளியில் ஒரு தமிழர் கணக்கு

இரண்டு எலக்ட்ரான் சிக்கல் தேர்வுத்தாளோடு முடிவதில்லை. சூரியனில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன். அதன் எலக்ட்ரானை முதல் கூட்டிலிருந்து இரண்டாவதுக்கு ஏற்ற 10.2 காசு வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியிடம் இருப்பதோ ஏறக்குறைய 1.6 முதல் 3.3 வரைதான். அந்த ஒளியை ஹைட்ரஜன் அணு தடுக்காது, வழிவிட்டுவிடும். அப்படியென்றால் சூரியன் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியாமல், வெட்டியெடுத்த தட்டுபோல் கூரிய விளிம்போடு தெரிவது ஏன்?

1939-இல் ரூபர்ட் வில்ட் ஒரு காரணத்தைச் சுட்டினார். ஹைட்ரஜன் சில வேளைகளில் இன்னோர் எலக்ட்ரானையும் ஒட்டவைத்துக்கொண்டு எதிர் அயனி ஆகிறது. ஒரே ஒரு புரோட்டான், இரண்டு எலக்ட்ரான். இரண்டாமவரின் பிடிப்பு வெறும் 0.75 காசு. கண்ணுக்குத் தெரியும் எந்த ஒளியும் அவரைப் பிரித்துவிடும். பிரிக்கும்போது ஒளி விழுங்கப்படும். அந்த உபரி எலக்ட்ரான்கள் எங்கிருந்து வருகின்றன? மெக்னீசியம், இரும்பு, சோடியம் போன்ற பல எலக்ட்ரான் அணுக்களிலிருந்து. கூட்டத்தால் மறைக்கப்பட்டு, பிடிப்புத் தளர்ந்து நிற்கும் அவற்றின் வெளி எலக்ட்ரான்கள் சூரியனின் வெப்பத்தில் எளிதில் கழன்றுவிடுகின்றன.

இந்த அயனியைக் கணக்கிட்டுப் பார்த்தவர்களில் முக்கியமானவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தமிழ்க் குடும்பத்தில் 1910-இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். இரண்டு எலக்ட்ரான்களுக்கும் ஒரே அளவான உருண்டை அறையைக் கொடுத்துக் கணக்கிட்டால், அப்படி ஓர் அயனி நிலைக்கவே முடியாது என்று விடை வரும். 1944-இல் வெளியான ஆய்வில் சந்திரசேகர் இரண்டுக்கும் வேறு வேறு அளவு கொடுத்தார்: ஒன்று அணுக்கருவை ஒட்டி, மற்றது வெகுதூரத்தில் விரிந்து, எது உள்ளே, எது வெளியே என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டு வாய்ப்புகளையும் சேர்த்தார். அயனி நிலைத்தது. பிடிப்பு 0.36 வந்தது. எலக்ட்ரான்களுக்கு இடையிலான தூரத்தையும் சேர்த்ததும் 0.70 வந்தது. உண்மை அளவுக்கு மிக அருகில்.

1946-இல் அவரும் பிரான்சஸ் பிரீனும் இந்த அயனி எந்தெந்த ஒளியை எவ்வளவு விழுங்கும் என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். விழுங்குவதன் மறுபக்கம் வெளியிடுவது: ஹைட்ரஜனோடு ஓர் எலக்ட்ரான் ஒட்டிக்கொள்ளும்போது ஒளி பிறக்கிறது. மதியம் எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து குடை பிடித்து நடக்கிறோமே, அந்த வெயிலின் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதி இப்படி இரண்டாவது எலக்ட்ரான் ஒட்டிக்கொண்டபோது பிறந்து, எட்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகப் பயணம் செய்து வந்தது.

பெற்றோருக்கு ஒரு சொல்

அந்தப் பெண் பிரிவு மாறவில்லை. இப்போது படிவம் ஐந்து. அவள் என்னவாகப் போகிறாள் என்பது அவள் முடிவு. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காததால் ஒரு பாடத்தை விட்டு ஓடும் நிலை அவளுக்கு வரவில்லை.

நம் பிள்ளைகள் அறிவியலைத் தமிழ்ப்பள்ளியில் தமிழில் தொடங்குகிறார்கள். இடைநிலைப்பள்ளியில் 'கூடு' என்பது மலாயில் 'பெத்தாலா' ஆகிறது. கல்லூரிக்குப் போனால் அதுவே ஆங்கிலத்தில் 'ஷெல்'. மூன்று மொழியைத் தாண்டும்போது சொற்கள் கைக்கு வந்துவிடும். காரணங்கள்தான் வழியில் தவறிப்போகும். வீட்டில் தமிழில் பேசிப் பார்த்தால் எந்தக் காரணம் தவறியது என்று தெரிந்துவிடும். அதற்கு நீங்கள் வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. "ஏன் அப்படி?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை விளக்குவதைப் பொறுமையாகக் கேட்டால் போதும்.

எஸ்பிஎம் தாளில் 2.8.8.1 என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். 3டி, 4எஸ் எல்லாம் படிவம் ஆறிலோ, மெட்ரிகுலேஷனிலோ, ஏ-லெவலிலோதான் பாடமாக வரும். அதுவரை காத்திருக்க முடியாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிக் கொடுங்கள். ஹைட்ரஜனில் 3டி 1.51, 4எஸ் 0.85. பொட்டாசியத்தில் 3டி 1.67, 4எஸ் 4.34. மீதியை அந்தப் பிள்ளையே கேட்டுத் தெரிந்துகொள்ளும்.